கப்பல்களும் லிவியாதானும்

வேதபகுதி: சங்கீதம் 104:24–30



சங்கீதக்காரன் கடலைப் பாடும்போது இரண்டு காரியங்களை ஒரே வசனத்தில் அருகருகே வைக்கிறான். ஒன்று மனிதன் ஓட்டும் கப்பல். மற்றொன்று, அந்தக் கடலில் விளையாடுவதற்கென்றே தேவன் உண்டாக்கிய லிவியாதான். அந்த 26ஆம் வசனத்தை நாம் பலமுறை வாசித்துக் கடந்துபோயிருக்கிறோம். லிவியாதான் இன்ன பிராணி என்பதில் வேத அறிஞர் ஒருமனப்படவில்லை. யோபு 41ஆம் அதிகாரத்தில் அதை முதலையாகக் காண்போர் உண்டு. ஆயினும் இந்தச் சங்கீதத்தில் கப்பல்களோடு ஒரே கடலில் உலாவும் அந்தப் பெரும் உயிரைத் திமிங்கலமாகக் கொள்வோர் பலர். நானும் அப்படியே வாசிக்கிறேன்.

கப்பலும் திமிங்கலமும் ஒரே கடலில் சந்தித்தபோது நடந்தது என்ன? இதற்கு வடதுருவக் கடல் தரும் ஒரு பதில் உண்டு. அதை இந்த வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன். காரணம் இதுதான்: அந்த வரலாற்றில் வேட்டையாடிய இரு தரப்பாரும் ஜெபிக்கத் தெரிந்தவர்கள்.

முதலில் அந்த உயிரை அறிந்துகொள்வோம். வில்தலைத் திமிங்கலம் என்று அதற்குப் பெயர். அதன் தாடை வில்லைப்போல் வளைந்திருப்பதால் அப்பெயர் வந்தது. உடலின் நீளம் 18 மீட்டர் வரை இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தலை. மற்றப் பெரிய திமிங்கலங்கள் பல குளிர்காலத்தில் வெப்பமான கடல்களை நாடிப் போகும்போது, இது தன் ஆயுள் முழுவதையும் வட கடலின் பனிக்கட்டிகளுக்கிடையிலேயே கழிக்கிறது. அந்தக் குளிரைத் தாங்க, தோலுக்கடியில் அரை மீட்டர் அளவுக்குக் கொழுப்பை அதற்குப் போர்வையாகக் கர்த்தர் கொடுத்திருக்கிறார். மூச்சுவிட இடமில்லாமல் மேலே பனி மூடியிருந்தால், தன் தலையால் முட்டிப் பனியை உடைத்துத் திறந்துகொள்ளும். அதன் வாயில் பல் இல்லை. மேல்தாடையிலிருந்து இரு பக்கமும் முந்நூறு முந்நூறாக நீண்ட தகடுகள் தொங்குகின்றன. நம் நகத்தைப் போன்ற பொருளாலான இத்தகடுகளுக்குப் பலீன் என்று பெயர். சில 4 மீட்டர் நீளம் வரை வளரும். இவ்வளவு பெரிய உடலுக்கு ஆகாரம் எது தெரியுமா? நீரில் மிதக்கும் அரிசிமணி அளவான சிற்றுயிர்கள். வாயைத் திறந்துகொண்டு மெல்ல நீந்தி, அத்தகடுகளால் வடிகட்டி உண்கிறது. ஏற்ற வேளையில் ஆகாரம் தருகிறவரை எல்லாம் நோக்கிக் காத்திருக்கின்றன என்று சங்கீதக்காரன் சொல்வதை இதன் வாயில் காணலாம்.

அதன் ஆயுள் நம்மை மௌனமாக்குவது. இன்று அறியப்பட்டுள்ள பாலூட்டிகளில் மிக நீண்ட காலம் வாழ்வது இதுவே. ஒரு பெண் திமிங்கலம் தாயாகும் பருவத்தை எட்ட ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகும். பின்பு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டியை ஈனும். 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணின் வில்லையில் ஏற்படும் வேதியியல் மாற்றத்தைக்கொண்டு 42 திமிங்கலங்களின் வயதைக் கணித்தனர். நான்கு திமிங்கலங்கள் நூறு வயதைக் கடந்திருந்தன. ஒன்றுக்கு 211 வயது என்று கணிப்பு சொன்னது. கணிப்பில் சில பத்தாண்டுகள் கூடலாம், குறையலாம். ஆனாலும் வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்தில் வந்திறங்கிய காலத்தை ஒட்டிப் பிறந்த ஓர் உயிர், நம் காலம்வரை நீந்திக்கொண்டிருந்தது என்று எண்ணிப்பாருங்கள்.

அது பாடவும் செய்கிறது. கிரீன்லாந்துக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்கும் இடைப்பட்ட கடலில் வாழும் சிறு கூட்டத்தை, குளிர்காலத்தின் முழு இருளில், நீருக்கடியில் ஒலிவாங்கி வைத்து மூன்று ஆண்டுகளாகக் கேட்டனர். 184 வெவ்வேறு பாடல்களைப் பதிவு செய்ததாக 2018-ல் அறிவித்தனர். யாரும் கேளாத இடத்தில், சூரியன் உதிக்காத மாதங்களில், பனியின் கீழே பாட்டு. தேவன் இதை விளையாடும்படி உண்டாக்கினார் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியாது.

அந்தப் பாடும் கூட்டம் ஏன் சிறு கூட்டமாயிற்று என்று கேட்டால், கப்பல்களிடம் வருகிறோம். 1611 முதல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஸ்பிட்ஸ்பெர்கன் கரைகளில் அவற்றைக் கொன்று குவித்தனர். அங்கே முடிந்தபின் வேறு கடல்களைத் தேடினர். 1848-ல் தாமஸ் ராய்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல்தலைவர் பெரிங் நீரிணையைக் கடந்து வடக்கே போனார். அங்கே யாரும் தொடாத பெருங்கூட்டத்தைக் கண்டார். செய்தி பரவிற்று, கப்பல்கள் விரைந்தன. 1914 வரையிலான காலத்தில் அந்தக் கடலில் மட்டும் கொல்லப்பட்டவை 18,000-க்கும் மேல் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவற்றில் பாதிக்கு மேல் முதல் 20 ஆண்டுகளிலேயே மாண்டன. 25 வயதில் தாயாகும் உயிர் அந்த வேகத்துக்கு எப்படி ஈடுகொடுக்கும்?

அக்கப்பல்களில் பல, நியூ பெட்போர்டு என்னும் ஊரிலிருந்து வந்தன. அது தேவபயமற்ற ஊர் அல்ல. மாலுமிகளுக்கென்று 1832-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம் அங்கே இன்றும் இருக்கிறது; கடலில் மடிந்தவர்களின் பெயர்களைத் தாங்கிய கல்வெட்டுகள் அதன் சுவர்களில் உண்டு. குவேக்கர்கள் நிறைந்த அந்த ஊர், தப்பியோடி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்தது. பிரடெரிக் டக்ளஸ் விடுதலையானவராக முதலில் குடியேறியதும் அங்கேதான். மனிதனை விலைபொருளாக்குவது பாவம் என்று கண்ட கண்கள், கடலைப் பார்த்தபோது அங்கே விலைபொருளை மட்டுமே கண்டன. மனச்சாட்சி ஓர் இடத்தில் விழித்தும் மற்றோர் இடத்தில் உறங்கியும் இருக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு பயங்கரமான சாட்சி.

முதலில் அவர்கள் தேடியது விளக்குக்கான எண்ணெய். பூமியிலிருந்து எடுத்த மண்ணெண்ணெய் வந்தபின் அதன் தேவை குறைந்தது. வேட்டை நின்றதா? இல்லை. பலீன் தகடுகளுக்கு விலை ஏறியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் இடையை இறுக்க அணிந்த கச்சைக்கும், குடைக்கும், குதிரைச் சாட்டைக்கும் அது பயன்பட்டது. பிற்காலத்தில் தாடையை வெட்டித் தகடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பல்லாயிரம் கிலோ மாம்சத்தோடும் கொழுப்போடும் உடலை அப்படியே கடலில் விட்டுவிடுவது சாதாரணமாயிற்று.

திமிங்கலம் குறைந்தபோது, எண்ணெய்க்காகவும் தந்தத்துக்காகவும் வால்ரஸ் என்னும் கடற்பிராணிகளைச் சுட்டனர். கரையோர மக்கள் பசியால் வாடினர். இங்கே ஒரு கப்பல்தலைவரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1870-ல் ஜப்பான் என்ற பெயருடைய கப்பல் சைபீரியக் கரையில் உடைந்தது. அதன் தலைவர் பிரடெரிக் பார்க்கரும் அவருடைய ஆட்களில் தப்பினவர்களும், அக்கரையில் வாழ்ந்த மக்கள் தங்கள் உணவில் பங்கு கொடுத்ததால் குளிர்காலத்தைப் பிழைத்துக் கடந்தனர். தன்னைப் போஷித்தவர்களின் வாயிலிருந்தே தன் தொழில் உணவைப் பறிக்கிறது என்று அவர் கண்டார். வால்ரஸ் வேட்டையை நிறுத்துங்கள் என்று தன் ஊர்ப் பத்திரிகையின் மூலம் மன்றாடினார். வேட்டை நிற்கவில்லை. ஆனாலும் அந்த மனிதரை நான் மறப்பதில்லை. பிறருடைய மேசையில் அமர்ந்து உண்டபின்தான் அவருக்குக் கண் திறந்தது.

கடைசியில் திமிங்கலத்தைக் காப்பாற்றியது எது? எழுப்புதல் கூட்டம் அல்ல, மனந்திரும்புதலும் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகுக் கம்பி பலீனின் இடத்தைப் பிடித்தது, உடை நாகரிகமும் மாறிற்று, விலை சரிந்தது. கப்பல்கள் திரும்பிப் போயின. சர்வதேசச் சட்டம் 1931-ல் எழுதப்பட்டபோது, தடுக்கவேண்டிய வியாபாரமே ஏற்கனவே செத்துப்போயிருந்தது. பிரியமானவர்களே, லாபம் இல்லாததால் பாவத்தை விடுவது மனந்திரும்புதல் ஆகாது. அடுத்த லாபம் வரும்போது அந்தக் கை மறுபடியும் நீளும்.

இனி இரண்டாம் தரப்பாரைப் பாருங்கள். அலாஸ்காவின் வட கரையில் வாழும் இனுபியாட் மக்கள், அந்தக் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இதே திமிங்கலத்தை வேட்டையாடி வருகிறார்கள். பயிர் விளையாத மண் அது. மரம் வளராத கரை அது. தோல் படகில் ஏறி, பனிவெடிப்பின் ஓரத்தில் நாட்கணக்காகக் காத்திருந்து எடுக்கும் ஒரு திமிங்கலம் ஊருக்கே உணவு. தோலையும் கொழுப்பையும் சேர்த்து வெட்டிய துண்டை மக்தாக் என்பார்கள். அதுவே அவர்களுக்கு மிகவும் அருமையான பதார்த்தம். எலும்பு வீட்டுக்கு உத்தரமாயிற்று. ஈரலின் சவ்வு மேளத்துக்குத் தோலாயிற்று. பலீன் கூடையாயிற்று, பாத்திரமாயிற்று, தூண்டில் கயிறாயிற்று. பாயிண்ட் ஹோப் கிராமத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு வேலியாக நிற்பதும் திமிங்கல எலும்பே.

ஆனால் என்னை நிறுத்தியது அவர்கள் எதையும் வீணாக்காத திறமை அல்ல, பங்கிடும் முறை. உமியாலிக் என்று அழைக்கப்படும் படகுத்தலைவர், திமிங்கலம் கிடைத்ததும் தம் வீட்டைத் திறந்து ஊரார் அனைவருக்கும் உணவிடுகிறார். உதவிய ஒவ்வொரு படகுக்கும் முறைப்படி பங்கு உண்டு. வேட்டைக்கு வர இயலாத முதியோருக்கும் விதவைகளுக்கும் பங்கு போகிறது. ஜூன் மாதத்தில் நலுகாடாக் என்ற விழா நடைபெறும். நம் அறுப்பின் பண்டிகையைப் போன்றது என்று சொல்லலாம். அங்கே படகுத்தலைவரின் குடும்பம் பரிமாறுகிறது, ஊர் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறது. நிலத்தடிப் பனியில் தோண்டிய குழிகளில் வைத்துள்ள மீதி, நன்றியறிதல் நாளிலும் கிறிஸ்துமஸ் நாளிலும் சபையார் கூடும்போது பங்கிடப்படுகிறது. அந்த மாம்சம் விலைக்கு விற்கப்படுவதில்லை. அந்த ஊரில் ஒருவன் பெரியவனாக எண்ணப்படுவது எவ்வளவு வைத்திருக்கிறான் என்பதால் அல்ல, எவ்வளவு கொடுத்தான் என்பதால்.

அவர்களில் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். 1890களில் பிரஸ்பிட்டேரியன் மிஷன் அக்கரைக்கு வந்தது. அந்த மக்களிலிருந்தே எழும்பிய ராய் அமாவோகாக் என்ற போதகர், அவர்கள் மொழிக்கு எழுத்துமுறை வகுப்பதில் பங்கேற்று, புதிய ஏற்பாட்டை அம்மொழியில் மொழிபெயர்த்தார். திமிங்கலம் தன்னைத்தானே தகுதியான மனிதனுக்கு ஒப்புக்கொடுக்கிறது என்பது அவர்களுடைய முன்னோரின் நம்பிக்கை. இன்று திமிங்கலம் பிடிபட்டதும் தலை தாழ்த்திக் கர்த்தருக்கு நன்றி செலுத்துகிறார்கள். பழைய சடங்குகள் பல மறைந்தன, பங்கிடுதல் மறையவில்லை. சுவிசேஷம் வந்து அதை அழிக்கவில்லை. அதற்கு உரியவர் யார் என்று பெயர் சொல்லிக் கொடுத்தது.

1977-ல் இவ்விரு உலகங்களும் மறுபடி மோதின. திமிங்கலங்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே மீதியிருக்கலாம் என்று அறிவியலாளர் அஞ்சினர். அடிபட்டுத் தப்பிப்போய் மடிபவையும் அதிகமாயிருந்தன. ஆகவே சர்வதேசத் திமிங்கல ஆணையம் இம்மக்களின் வேட்டையையும் தடைசெய்தது. வியாபாரிகள் செய்த கொலைக்கான தண்டனை, உண்பதற்காக எடுத்தவர்கள்மேல் விழுந்தது. அவர்கள் கலகம் செய்யவில்லை. தங்களுக்கென்று ஓர் ஆணையம் அமைத்தனர். குறைந்த ஒதுக்கீட்டை ஏற்று, தங்கள் வேட்டை முறைகளையும் திருத்திக்கொண்டனர். ஆனால் கணக்கு தவறு என்பதை விடாமல் சொன்னார்கள். ஹாரி பிரவர் என்ற மூத்த வேட்டைக்காரர், திமிங்கலங்கள் திறந்த நீரில் மட்டுமல்ல, பனியின் கீழும் கரைக்கு வெகுதூரத்திலும் செல்கின்றன என்று அறிவியலாளருக்குக் கற்பித்தார். நீருக்கடியில் ஒலிவாங்கிகளை வைத்தபோது அது உண்மை என்று தெரிந்தது. 2011-ன் கணக்கெடுப்பு 16,000-க்கும் மேல் என்றது. வேட்டை நடந்துகொண்டிருக்கும்போதே கூட்டம் பெருகியிருக்கிறது.

இவ்வளவு நீண்ட ஆயுளும் பாடும் திறனும் உள்ள உயிரைக் கொன்று, அதன்மேல் ஜெபம் செய்வது எப்படி நியாயமாகும் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அந்தக் கேள்வியை நான் அற்பமாக எண்ணவில்லை. கொல்வது எளிதாகத் தோன்றும் நாளில் நம் இருதயம் கடினப்பட்டிருக்கிறது என்றே பொருள். நோவாவுக்கு மாம்சத்தை உண்ண அனுமதி கொடுத்தபோதும், இரத்தத்தை விலக்கி, உயிர் தம்முடையது என்று தேவன் நினைப்பூட்டினார். உபாகமம் 22-ல் கூட்டிலுள்ள குஞ்சுகளை எடுத்துக்கொள்கிறவன் தாய்ப்பறவையைப் போகவிடக் கடவன் என்று கற்பித்தார். அறுவடை செய்கிறவன் வயலின் ஓரத்தை ஏழைக்கு விடவேண்டும் என்றார். வேதம் எடுக்காதே என்று சொல்லவில்லை. எல்லை வைத்து எடு, மீதி விட்டு எடு, பங்கிட்டு உண் என்கிறது. ஆதியாகமத்தில் நமக்குக் கொடுக்கப்பட்ட ஆளுகையின் பொருள் இதுவே என்பது என் திடமான எண்ணம். கொலை நடந்ததா இல்லையா என்பதில் மட்டும் இவ்விரு தரப்பாரின் வேறுபாடு இல்லை. ஒருவர் அதை ஈவாகப் பெற்றார்கள். மற்றவர் அதைச் சரக்காக எடுத்தார்கள்.

இனுபியாட் மக்கள் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் நம்மைப்போல் பாடுள்ள மனிதர்கள். கப்பல்காரர் கொண்டுவந்த வெடியீட்டியை இன்றுவரை பயன்படுத்துகிறவர்கள். ஆனால் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை நினைவில் கொள்ளுங்கள்: தேவன் படைத்ததெல்லாம் நல்லது, ஸ்தோத்திரத்தோடு பெற்றுக்கொள்ளத்தக்கது என்கிறார். இதை எதையும் உண்ணக் கிடைத்த அனுமதிச் சீட்டாக மட்டும் நாம் வாசித்துவிடுகிறோம். அது ஒரு நிபந்தனையும் ஆகும். எதன்மேல் உண்மையாய் நன்றி சொல்லமுடியாதோ, அதை எடுக்க நமக்கு உரிமை இல்லை. தாடையை வெட்டி எடுத்துக்கொண்டு, மிதந்துபோகும் உடலைப் பார்த்தபடி எவனாவது மனதார ஸ்தோத்திரம் சொல்லியிருக்க முடியுமா?

இந்தச் சோதனையை நம் வீடுகளுக்குக் கொண்டுவாருங்கள். கல்யாணப் பந்தியில் பாதி உண்டு மூடிய இலைகளின்மேல் நன்றி சொல்லமுடியுமா? ஒருமுறை உடுத்தி அலமாரியில் அடைத்த துணிகளின்மேல்? ஐயாயிரம் பேரைப் போஷித்த ஆண்டவர், அற்புதம் செய்ய வல்லவராயிருந்தும், மீதியான துணிக்கைகள் வீணாகாமல் சேர்க்கச் சொன்னார் அல்லவா? உண்பதற்குமுன் கண்மூடிச் சொல்லும் ஜெபம், எடுப்பதற்குமுன் கண்திறந்து கேட்கும் கேள்வியாக மாறவேண்டும்: ஆண்டவரே, இதை உம்மிடமிருந்துதான் வாங்குகிறேனா? இதில் யாருக்குப் பங்கு இருக்கிறது?

இன்று அந்த வட கடலைத் தொட நாம் கப்பல் அனுப்பவேண்டியதில்லை. உலகமெங்கும் எரிக்கப்படும் எரிபொருளால் அங்கே பனி மெலிகிறது; வேட்டைக்காரர் நிற்கும் பனித்தளம் நம்பத்தகாததாகிறது. மாம்சத்தைக் காக்கும் நிலத்தடிக் குழிகளில் சில உருகி நீர் கசிகின்றன. பனி விலகிய வழியில் பெரிய கப்பல்கள் மறுபடியும் வருகின்றன. நியூ பெட்போர்டின் வீடுகளில் விளக்கேற்றியவர்களில் பலர் திமிங்கலத்தின்மேல் கைவைக்கவில்லை. விளக்கை மட்டுமே ஏற்றினார்கள். நாமும் அப்படியே.

2007-ல் அலாஸ்காக் கரையில் பிடிபட்ட ஒரு திமிங்கலத்தின் உடலுக்குள் பழைய வெடியீட்டியின் ஒரு துண்டு புதைந்திருந்தது. 1880-ஐ ஒட்டி நியூ பெட்போர்டில் செய்யப்பட்டது அது என்று அறிந்தவர்கள் கண்டுபிடித்தனர். எய்தவன் மடிந்தான், கப்பல் மறைந்தது, அந்த எண்ணெய் எரிந்த விளக்கும் அணைந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் காயத்தைச் சுமந்துகொண்டு அவ்வுயிர் பனியின் கீழ் நீந்திக்கொண்டிருந்தது. சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது என்று ரோமர் 8-ல் வாசிக்கும்போது, இனி இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாம் மறந்ததைச் சிருஷ்டி மறப்பதில்லை, சிருஷ்டிகரும் மறப்பதில்லை.

ஜெபம்: சமுத்திரத்தையும் அதிலுள்ள யாவற்றையும் ஞானமாய்ப் படைத்த எங்கள் பரமபிதாவே, உமது கை திறக்கும்போது நாங்களும் மற்ற உயிர்களும் ஒரே கையிலிருந்து உண்கிறோம் என்பதை உணரச் செய்யும். லாபம் தீர்ந்ததால் அல்ல, உம்மை அறிந்ததால் எங்கள் கைகள் அடங்கட்டும். நன்றியோடு எடுக்கவும், எடுத்ததைப் பங்கிடவும் எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்